சாத்தி படித்த பள்ளிக்கூடம்

வைப்பாற்றங்கரையில் இருக்கும் குருவிமேட்டில், ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தோண்டிய குழியிலிருந்து, மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாயிரம் வருஷத்துப் பழைய பானை ஓடு ஒன்று வெளியே வந்தது. அதன்மேல் ‘ஆமை அவசரமாக ஊருக்குப் போனது’ என்று எழுதியிருந்தது. கல்வெட்டு படித்தவர்களுக்கு மட்டும் புரிகிற பழைய எழுத்து இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை நோட்டில் எழுதுகிற அதே எழுத்து. கூர்மையான எதையோ வைத்துக் கீறி, கடைசியில் முற்றுப்புள்ளியும் வைத்திருந்தது.

ஓட்டை மண்ணிலிருந்து எடுத்தவள் கோமு. உள்ளூர்க்காரி, குழியில் கூலி வேலைக்கு வந்தவள், படிக்கத் தெரியாதவள். கீறல் இருந்தால் தனியாக வைக்கவேண்டும் என்று சொல்லியிருந்ததால், தூரிகையால் மண்ணைத் தள்ளிவிட்டு, மேலே நின்ற மங்கையர்க்கரசியிடம் நீட்டினாள்.

மங்கையர்க்கரசி படித்தாள். ஓட்டைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி படித்தாள், பிறகு குழியின் விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஏனென்றால் அந்த வரி அவள் எழுதியது. மூன்று மாதத்துக்கு முன்னால், தர்மபுரியில் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தன் மடிக்கணினியில் எழுதி, இன்னும் ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தது.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. பானை ஓடுகளில் கீறிய எழுத்துகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள், வாங்கிய பட்டத்துக்கு வேலை கிடைக்காமல் பள்ளிப்பிள்ளைகளுக்குக் கணினிப் பாடம் தயாரிக்கிற கம்பெனியில் எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தவள், இரண்டையும் சேர்த்தால் என்ன என்று ஒருநாள் தோன்றியதிலிருந்து வேறெதையும் யோசிக்க முடியாமல் போனவள். அவள் செய்த பாடம் தொடுதிரையில் ஓடும். பிள்ளை விரலால் பானை ஓட்டில் எழுதிப் பழகும். மண்ணின் அடியில், எழுத்தே இல்லாத ஒரு நெளிகோட்டில் தொடங்கி, எழுத்து, சொல், வரி என்று ஒவ்வொரு அடுக்காக ஏறி, மேல்மண்ணுக்கு வரும்போது சொந்தமாக எழுதத் தெரிந்திருக்கும். தொல்லியல்காரர்கள் அதை விளையாட்டுச் சாமான் என்றார்கள். கல்வித்துறைக்காரர்கள் குழந்தைகளுக்கு எதற்கு மண்ணும் ஓடும் என்றார்கள். குருவிமேட்டில் மட்டும், பள்ளிக்கூடமும் குழியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால், ஆனி மாதம் பள்ளி திறந்ததும் ஆரம்பிக்கலாம் என்று அனுமதி கிடைத்திருந்தது. தொடுதிரைப் பலகை அட்டைப்பெட்டிக்குள் கட்டியபடி தலைமையாசிரியை ஆரோக்கியமேரியின் அறையில் நின்றது.

அது தன் பாடத்தில் இருக்கும் வரி என்று மங்கையர்க்கரசி சொல்ல, அகழாய்வு இயக்குநர் பொன்னுரங்கம் உருப்பெருக்கியை வைத்து அரைமணி நேரம் ஓட்டைப் பார்த்தார். கீறலுக்குள் சுண்ணாம்புப் படிவு கெட்டியாக இறுகியிருந்தது. நேற்றோ போன வருஷமோ கீறியிருந்தால் அது வராது.

“பழசுதான்,” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “பதிவுல ஏத்து. அடுத்த ஓட்டை எடுக்கச் சொல்லு.”

அடுத்த நாளும் ஓடு வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. எல்லாம் ஒரே கையெழுத்து. எழுத்து நம்முடையதாக இருந்தது, பேச்சு எழுதியவரின் பழங்காலத்துப் பேச்சாக இருந்தது; சில சொற்களை மங்கையர்க்கரசி யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. எழுதியவளின் பெயர் சாத்தி என்பது நான்காம் நாள் தெரிந்தது. ‘சாத்தி எழுதுகிறேன். கண் மங்கிவிட்டது. அதனால் பெரிதாக எழுதுகிறேன்.’ 

மண்ணைத் தோண்டுகிறவர்களுக்குக் காலம் தலைகீழ். மேலே கிடப்பது கடைசியில் நடந்தது, ஆழத்தில் கிடப்பது முதலில் நடந்தது. ஆகவே சாத்தி முதலில் கிழவியாக, சிறுவயதில் படித்த ஆமை வரியை மறக்காமல் எழுதிப் பார்க்கிறவளாக வந்தாள். ஒவ்வொரு சாணாக மண் இறங்க இறங்க அவளுக்கு வயது குறைந்தது. இதைப் பொன்னுரங்கம் ஊர்க்காரர்களுக்கு ஒருமுறை சொன்னார், இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழிவேலை முடிகிற நாலு மணிக்கு, ஆரோக்கியமேரி அன்றைய வரியைக் கரும்பலகையில் எழுதிப்போடுவது வழக்கமாயிற்று. தீப்பெட்டி ஆபீஸ் வேன் விட்டு இறங்கும் பெண்கள் வீட்டுக்குப் போகாமல் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று சாத்தி எழுதியிருந்த அன்று, அப்பவுமா என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். கண் மங்கியதைப் பற்றிக் கேட்டவர்கள், பாவம் புரை விழுந்திருக்கும், கண் முகாமுக்குக் கூட்டிப்போக ஆளில்லை என்றார்கள். அவள் மேலத்தெருக்காரியா கீழத்தெருக்காரியா என்று முதல் வாரம் கேட்டார்கள். ஓட்டில் அது எழுதியிருக்கவில்லை. இரண்டாவது வாரம் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில், பங்குனி மாதம், அந்த ஓடு வந்தது.

கோமு நீட்டினாள். மங்கையர்க்கரசி வாங்கிப் படித்தாள்.

“என்ன டீச்சரம்மா போட்டிருக்கு?”

மங்கையர்க்கரசிக்குப் பொய் சொல்ல வரவில்லை. “ஆதன் போனான். மூன்று நாள் வயிற்றால் போனது. நான்காம் நாள் காலையில் போனான். அவனுக்கு ஏழு வயது.”

“ஆதன்னா?”

“அவ மகன்.”

கோமு தூரிகையைக் கீழே வைத்தாள். குழியின் படிகளில் ஏறி, யாரிடமும் சொல்லாமல் வீட்டைப் பார்க்கப் போனாள். அன்று கரும்பலகையில் வரியை எழுதிவிட்டு ஆரோக்கியமேரி கூட்டத்தின் பக்கம் திரும்பவில்லை, சுவரைப் பார்த்தே நின்றாள். டீக்கடை மறுநாள் திறக்கவில்லை. கிழக்குத் தெருவில் ஒரு காதுகுத்து வைத்திருந்தார்கள், அதைத் தள்ளிப்போட்டார்கள். துக்கம் நடந்து இரண்டாயிரம் வருஷம் ஆகிறதே என்று ஒருவரும் வாதம் செய்யவில்லை, சேதி வந்தது இன்றைக்குத்தானே என்றார்கள்.

ஆனால் மண் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது, அதனால் ஆதன் திரும்ப வந்தான். ‘ஆதனுக்குப் பல் விழுந்தது.’ ‘ஆதன் கன்றுக்குட்டியோடு ஓடுகிறான்.’ ‘ஆதன் என்னை எழுத விடாமல் ஓட்டைப் பிடுங்குகிறான்.’ அந்த ஓட்டின் ஓரத்தில் ஒரு கோணல் கிறுக்கல் இருந்தது, அவன் கிறுக்கியது. அதைப் பொன்னுரங்கம் இரண்டு நாள் தன் மேசையிலேயே வைத்திருந்தார். வாசிக்கிற நேரத்தில் பெண்கள் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார்கள். அவனுக்கு ஐந்து வயதானது, மூன்றானது, தவழ்ந்தான், சித்திரை பதினெட்டாம் தேதி பிறந்தான். ‘மகன். விடியலில். ஆதன் என்று பெயர்.’

அதைக் கேட்டுக் கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. ஆரோக்கியமேரிதான் முதலில் பேசினாள். “பிள்ளை பிறந்திருக்கு. பிறந்ததுக்கு என்ன செய்யணுமோ அதைச் செய்வோம்.” டீக்கடைக்காரர் கடலை மிட்டாய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்கள், மெல்ல முடியாமல் வெகுநேரம் வைத்திருந்தார்கள். கோமு தன் பங்கை முந்தானையில் முடிந்து கொண்டுபோனாள்.

அதன்பிறகு சாத்திக்குக் கல்யாணமாயிற்று, பிறகு அவள் சிறுமியானாள். வரிகள் சொற்களாகக் குறைந்தன, சொற்கள் எழுத்துகளாகக் குறைந்தன, ஆனாவின் சுழி இடமும் வலமும் மாறிப்போனது. வைகாசிக் கடைசியில், இரண்டு மீட்டர் எழுபதில், மங்கையர்க்கரசியின் பாடம் தொடங்குகிற அதே நெளிகோடு மட்டும் கீறிய ஓடு கிடைத்தது. அதற்குக் கீழே மனிதக் கால் படாத மண் வந்துவிட்டது. கன்னி மண். தோண்டுவதை நிறுத்தினார்கள்.

அன்று சாயங்காலம் பொன்னுரங்கம் மங்கையர்க்கரசியைக் கூப்பிட்டார். ஓடுகள் எல்லாம் துணிப்பைகளில் வரிசை எண் போட்டு, மூடிய வகுப்பறை ஒன்றில் அடுக்கியிருந்தன. அவர் அவற்றுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“மங்கை, நீ இன்னும் பாடத்தை ஆரம்பிக்கலை, இல்லையா?”

“இல்லை சார். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்குது.”

“ஆரம்பிக்காம விட்டுடேன்.”

அவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

“முப்பத்தோரு வருஷம் தோண்டியிருக்கேன். இந்த மேட்டுல நெல் இருக்கு, இரும்பு உருக்கின அடையாளம் இருக்கு, நூல் நூத்த தக்களி இருக்கு. எல்லாம் நிஜம். ஆனா இந்த ஓட்டை ஒருத்தன் படம் எடுத்துப் போட்டா போதும், இவனுங்க சொல்றது அத்தனையும் பொய்யின்னுடுவாங்க. இது மட்டுமில்லை, நாம தோண்டின அத்தனை ஊரும் பொய்யாயிடும். இந்தச் சாத்தி எழுதினது உன் பாடம்; அவ உன்கிட்டதான் படிக்கப்போறா. நீ சொல்லிக்குடுக்கலைன்னா அவ எழுத மாட்டா. இந்தப் பையில இருக்கிறதெல்லாம் வெறும் ஓடாயிடும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.”

அவர் சொன்னது சரி என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளைப் படுத்தியது. பழைய காலத்தைப் படிக்கிறவள் அதற்குள் கைவைக்கக் கூடாது என்பது அவள் கற்ற முதல் பாடம், வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் அவளே அதைத்தான் சொல்லியிருப்பாள். பள்ளிக்கூடம் திறந்தது. அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் மூன்று நாள் கடத்தினாள். பிள்ளைகள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

நான்காம் நாள் அவளும் கோமுவும் அடிபம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த வெற்று ஓடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“பெரிய சார் வேண்டாம்னு சொல்லிட்டாராமே,” என்றாள் கோமு.

“ஆமா.”

“நீங்க என்ன நினைக்கீங்க?”

மங்கையர்க்கரசி ஓட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். “சொல்லிக்குடுத்தா அவ எழுதுவா. எழுதத் தெரிஞ்சா, மகன் போனதையும் உக்காந்து எழுதுவா. தெரியலைன்னா மத்தவங்க மாதிரி அழுதுட்டு மறந்துடுவாளோ என்னவோ. அவளுக்கு எது நல்லதுன்னு எனக்கே தெரியலை கோமு.”

தொட்டித் தண்ணீரில் கோமுவின் கை அசையாமல் கிடந்தது.

“எம் மவனும் பேதியிலதான் போனான்,” என்றாள். “செங்கச்சூளையில இருந்தோம். ஆறு வயசு. பக்கத்துல ஆஸ்பத்திரி கிடையாது. வயித்தால போறவனுக்குத் தண்ணி குடுத்தா இன்னும் போவும்னு கூட இருந்தவுக சொன்னாக. நான் குடுக்கலை. தண்ணி, தண்ணின்னு கேட்டான். குடத்தைத் துணி போட்டு மூடி வச்சேன், அவன் கண்ணுல படக்கூடாதுன்னு. ரெண்டு வருசம் கழிச்சு ஒரு நர்சம்மா வந்து சொல்லுது, உப்பும் சீனியும் போட்டுத் தண்ணியைத்தான் குடுத்துக்கிட்டே இருக்கணுமாம். அதுதான் மருந்தாம்.”

மங்கையர்க்கரசி கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தாள்.

“மறந்துடுவான்னு சொல்லுதீங்களே. யாரு மறக்கா? எனக்கு எழுதத் தெரியாது, நான் மறந்துட்டனா? எழுதத் தெரிஞ்சா எங்கயாவது இறக்கியாவது வச்சிருப்பேன்.” கோமு நிமிர்ந்து பார்த்தாள். “அவளுக்கு எழுத்தைச் சொல்லிக்குடுங்க. உப்புத் தண்ணியையும் சொல்லிக்குடுங்க.”

“அவன் இறந்தது ஓட்டுல இருக்கு கோமு. நாம அதை வெளிய எடுத்தாச்சு. நாம சொல்லிக்குடுத்தாலும் அவன் பிழைக்க மாட்டான்.”

“பிழைக்காட்டிப் போவட்டும். தண்ணி கேட்டான், குடுத்தேன்னு இருக்கட்டும் அவளுக்கு. அது போதும்.”

மங்கையர்க்கரசி எழுந்து, ஈரக்கையைக்கூடத் துடைக்காமல், பொன்னுரங்கத்தின் அறைக்குப் போனாள். நாளைக்கு ஆரம்பிக்கிறேன் சார் என்றாள். கோமு சொன்னதை அப்படியே சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, கூரையில் ஓடிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதட்டப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

“அளவு எப்படிச் சொல்லுவே?” என்றார். “அவகிட்ட டம்ளர் கிடையாது, ஸ்பூன் கிடையாது.”

அவள் அதை யோசித்திருக்கவில்லை. அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து வரைபடத் தாள் ஒன்றை எடுத்து விரித்தார். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும் சின்னக் கிண்ணம், குருவிமேட்டில் வீட்டுக்கு வீடு கிடைத்தது.

“இது விளிம்பு வரைக்கும் அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும். இருநூறு கிண்ணம் அளந்திருக்கேன், எல்லாம் ஒரே அளவு. இதை எதுக்கு அளக்கறேன்னு இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்லை.” பென்சிலால் கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டுக்காட்டினார். “இதுல கொதிச்சு ஆறின தண்ணி. மூணு விரலால எடுக்கிற உப்பு. ஒரு கைப்பிடி கருப்பட்டித் தூள். விரலும் கையும் எல்லாக் காலத்துலயும் ஒண்ணுதான்.” பிறகு, “குழியை மூட உத்தரவு வந்திருக்கு. குழிச்சுவரோட மண் அடுக்கைப் படமா வரையறது பாக்கின்னு எழுதிடறேன். புரட்டாசி வரைக்கும் தாங்கும்,” என்றார்.

தொடுதிரைப் பலகையைக் குழியின் விளிம்பில் தகரக் கொட்டகைக்குள் நிறுத்தினார்கள். அது குழியைப் பார்த்து நிற்கவேண்டும் என்று டீக்கடைக்காரர் சொன்னார், அப்படியே திருப்பினார்கள். மின்சாரக் கம்பியை வகுப்பறை ஜன்னல் வழியாக இழுத்தார்கள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் குழியைச் சுற்றிப் பாய்விரித்து உட்கார்ந்தார்கள். கீழே ஒன்றும் தெரியவில்லை; கன்னி மண், அதில் எறும்பு வரிசை. கீழே தனியாக உட்காருகிற பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, பக்கத்தில் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கோமு கையில் ஒரு டேப்லெட்டோடு படியிறங்கிப் போய்க் குழியின் அடியில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மங்கையர்க்கரசி திரையில் விரல் வைத்து முதல் நெளிகோட்டை இழுத்தாள். மேலே முப்பத்திரண்டு விரலும், கீழே கோமுவின் விரலும், அதை இழுத்தன.

ஆனி போனது, ஆடிக்காற்று கொட்டகைத் தகரத்தைப் பிய்க்கப் பார்த்தது, ஆவணி வந்தது. ஆனாவின் சுழி எந்தப் பக்கம் என்பதை மங்கையர்க்கரசி எந்தப் பாடத்தையும்விட அதிக நாள் சொல்லிக்கொடுத்தாள். ஆமை வரி வந்த நாளில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள், குழிக்குள் அது எதிரொலித்தது. உப்புத் தண்ணீர்ப் பாடத்தை மட்டும் அவள் ஒருமுறை சொல்லி விடவில்லை. ஒன்பது நாள் சொன்னாள். கிண்ணத்தின் படம், மூன்று விரலின் படம், மூடிய கைப்பிடியின் படம், குழந்தை குடிக்கிற படம். வேண்டாம் என்று துப்பினாலும் குடுங்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் குடுங்கள். ஒன்பது நாளும் அடியிலிருந்து கோமு அதைத் திருப்பிச் சொன்னாள், வாய்விட்டு, மண்ணைப் பார்த்து.

பத்தாம் நாள் மங்கையர்க்கரசி பூட்டிய அறையைத் திறந்து, அந்தப் பையை அவிழ்த்து, ஆதன் போனதை எழுதிய ஓட்டை எடுத்துப் பார்த்தாள். கோமு வாசலில் நின்றாள்.

“மாறலை,” என்றாள் மங்கையர்க்கரசி. “அப்படியேதான் இருக்கு.”

கோமு தலையாட்டினாள். “சரி. மிச்சப் பாடத்தைச் சொல்லிக்குடுங்க.”

புரட்டாசி மழைக்கு முன்னால் குழியின் அடியில் தார்ப்பாய் விரித்து, மண்ணைத் தள்ளி மூடினார்கள். பொன்னுரங்கம் பயந்தபடியே யாரோ ஒருவர் ஓட்டின் படத்தைப் போட்டார். பத்திரிகைகளில் கேலி செய்தார்கள், ஒரு பேராசிரியர் இது மோசடி என்று எழுதினார். பொன்னுரங்கத்தின் அறிக்கையை இரண்டு கருத்தரங்குகள் திருப்பியனுப்பின. அவர் ஓய்வு பெற்றார். கேட்டவர்களுக்கெல்லாம் வந்து பாருங்கள் என்று ஒரே வரியில் பதில் போட்டார். சிலர் வந்தார்கள். உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் திரும்பிப்போனார்கள். மங்கையர்க்கரசிக்கு மூன்று இடங்களில் வேலை தருவதாக இருந்தவர்கள் பிறகு கூப்பிடவில்லை. அவள் குருவிமேட்டிலேயே தங்கிவிட்டாள்.

அடுத்த மாசியில் புதிய இயக்குநர், பள்ளிக்கூடத்தை விட்டுத் தள்ளி, கண்மாய்க் கரையோரம் இரண்டாவது குழியைத் திறந்தார். அங்கே வேறு தெரு ஒன்று புதைந்து கிடந்தது. ஒன்றரை மாதம் வெறும் ஓடுகளாக வந்தன. பதிவேட்டைப் பார்த்துப் புதிய இயக்குநர் நிம்மதியாகத்தான் இருந்தார். சாத்தி அந்தத் தெருவுக்குப் போயிருக்கவில்லை போலும் என்று ஊரும் நினைத்தது.

பங்குனிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும், குழிக்குள்ளிருந்து கோமு கூப்பிட்டாள். மங்கையர்க்கரசி விளிம்புக்கு வந்தாள். கோமு ஓட்டை மேலே நீட்டவில்லை. முழங்காலில் அமர்ந்து, மடியில் வைத்து, ஆள்காட்டி விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“கையெழுத்து வேற,” என்றாள். “சாத்தியோடது இல்லை.”

“படிங்க.”

“கிண்… கிண்ணம் நிறையத் தண்ணீர். மூன்று விரல் உப்பு. ஒரு கை கருப்பட்டி.” விரல் அடுத்த வரிக்குப் போனது, நின்றது, மறுபடி நகர்ந்தது. “சாத்தி தன் மகனுக்குக் குடுத்தாள். அவன் பிழைக்கவில்லை. என் மகளுக்கும் குடுக்கச் சொல்லி அவளே வந்தாள். மகள்… மகள் எழுந்து உட்கார்ந்தாள்.”

குழியில் வேலை செய்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். மங்கையர்க்கரசி படிகளில் இறங்கிவந்து கோமுவுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

கோமு அழவில்லை. அந்த வரிகளை முதலிலிருந்து இன்னொருமுறை, இந்தத் தடவை நிறுத்தாமல், படித்தாள். ஓட்டை இரண்டு கையாலும் தூக்கி மங்கையர்க்கரசியின் மடியில் வைத்தாள். பிறகு தூரிகையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். மண்சுவரில், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, இன்னும் ஆறு ஓடுகளின் விளிம்பு தெரிந்தது. ஒவ்வொன்றிலும் கீறல் இருந்தது, ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்து.